கையில் காகிதம் இல்லாதவனுக்குச் சட்டம் இல்லை



சாலைக் கடைத்தெருவில் கடைச் சிப்பந்தியாக இருந்தாலும் சரி, ஒப்பந்தக்காரரிடம் கட்டட வேலை பார்த்தாலும் சரி, “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்ற மூன்று சொல் நம் பிழைப்பை முடித்துவிடுகிறது. இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா? இருக்கிறது. நமக்குத்தான் அது எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்பதே இன்றைய கேள்வி.

ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்குரிய சம்பளம் தர வேண்டும். உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாக வைக்க வேண்டும். தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்ந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் வேறு பல பறிபோயின. 100 பேர் வேலை செய்யும் ஆலையிலேயே ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. இனி 300 பேர் இருந்தால்தான் வேண்டும். வேலைநீக்கத்தை எதிர்க்க இருந்த 3 ஆண்டுக் கெடு 2 ஆண்டாகச் சுருங்கிற்று.

“கேரளம் இதை அமல்படுத்தாது என்று 2025 நவம்பரில் அமைச்சரே சொன்னாரே!” என்கிறார்கள் நம்மவர். மாநில அரசு விதிகளை வகுக்காமல் இருக்கலாம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அது ரத்துச் செய்ய முடியாது. அமைச்சரின் பேச்சை நம்பித் தூங்குகிறவன் கெடு முடிந்த பிறகுதான் விழிப்பான்.

சங்கமும் பதிவேடும் உடையவர்கள் கதி என்ன? 2018 டிசம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 3,800-க்கும் மேற்பட்ட தற்காலிக நடத்துநர்களை ஒரே வீச்சில் வெளியேற்றியது. தேர்வாணையம் வழி வராதவர்கள் என்பது காரணம். பல ஆண்டு டிக்கெட் கிழித்தவர்கள் ஆலப்புழையிலிருந்து இங்கே தலைமைச் செயலகம் வரை நடந்து வந்தார்கள். அரசு வேலையில் இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், பெயர்கூடப் பதிவேட்டில் ஏறாத நாம் எம்மாத்திரம்?

ஓராண்டு வேலை என்பதற்குச் சட்டம் கேட்கும் கணக்கு 240 நாள். அதை நிரூபிக்க வேண்டியது தொழிலாளியே என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. வெறும் பிரமாணப் பத்திரம் போதாதாம். வருகைப் பதிவேடு முதலாளியின் பெட்டியில்! சம்பளமோ ரொக்கமாகக் கையில்! கணக்குத் தீர்க்கும்போது மலையாளத்தில் எழுதிய தாளை நீட்டுகிறார்கள். படிக்கத் தெரியாமல் கையெழுத்திடுகிறோம். அது நம்முடைய ராஜினாமாக் கடிதம் என்பது பிறகுதான் தெரிகிறது!

புதிய சட்டங்களில் நமக்கு உதவும் ஆயுதம் ஒன்று உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு. எதிரியின் கிடங்கிலிருந்து வந்தது என்பதற்காக வாளை வேண்டாம் என்பதா?

குற்றத்தில் நம் சங்கங்களுக்கும் பங்குண்டு. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறோம்; பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். வேலை இழந்த ஒருவருக்கு மலையாளத்தில் மனு எழுதித் தர எத்தனை சங்கங்களில் ஆள் இருக்கிறது?

மாதம் ஒரு ஞாயிறு போதும். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண், வங்கிப் புத்தகம், எதுவுமில்லை என்றால் தேதியிட்ட நாட்குறிப்பு: கையில் உள்ளதைக் கொண்டு வாருங்கள், சங்கம் நகலெடுத்துப் பாதுகாக்கட்டும். நியமனக் கடிதத்தைத் தனியாளாகக் கேட்டால் வேலை போகும். முப்பது பேர் சேர்ந்து கேட்டால் முதலாளி யோசிப்பான். மறுத்தால், தொழில் பவனுக்குச் சேர்ந்தே போவோம்.

வாசிக்கத் தெரியாத தாளில் இனி ஒரு தமிழனும் கையெழுத்திடக் கூடாது. அங்கிருந்து தொடங்குவோம்!