பெரும் பெயரா, அருகிலுள்ள பல்கலைக்கழகமா?

மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் தமது முடிவுகளை வெளியிடுகின்றன. மே மாதம் முதலாம் திகதிக்குள் மாணவர் தமது தெரிவை அறிவித்து முற்பணமும் செலுத்திவிட வேண்டும் என்பது பெரும்பாலான கல்வி நிலையங்களின் நியதி. இடைப்பட்ட இந்த ஐந்து வாரங்களில், நியூ ஜேர்சி மாநிலத்தின் பிளெய்ன்ஸ்பரோவிலும் அதனை அண்டிய ஊர்களிலும் வாழும் எம்மவர் இல்லங்களில் ஒரே வாதம்தான் நடைபெறுகின்றது. கலிபோர்னியாவிலோ மசாசூசெற்ஸிலோ உள்ள புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று பிள்ளைக்கு இடமளித்திருக்கின்றது. ஏறத்தாழ 15 மைல் தொலைவில், நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள ரட்கர்ஸ் மாநிலப் பல்கலைக்கழகமும் இடமளித்திருக்கின்றது. எங்கே அனுப்புவது?

இந்த வினாவுக்கு அயல் வீட்டார் சொல்லும் விடை எமக்குப் பொருந்துவதில்லை. பிளெய்ன்ஸ்பரோவின் அடுக்குமாடிகளில் எம்மோடு வாழ்வோரிற் பலர் சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் தொழில் விசாவுடன் வந்தவர்கள். அவர்களது கவலை பட்டத்தின் பெயர் பற்றியது. எமது கவலைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அதற்கு முன்னால் வேறு பல நிற்கின்றன. தஞ்சக் கோரிக்கை இன்னும் தீர்க்கப்படவில்லை. தந்தை இரண்டு வேலை செய்கின்றார். தாய்க்கு ஆங்கிலத்தில் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது அந்தப் பிள்ளைதான்.

இதே நிலத்தில் இதே தெரிவை எதிர்கொண்ட அகதியொருவரின் கதையை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றோம். செல்மன் வக்ஸ்மன் 1888இல் இன்றைய உக்ரைனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சார் மன்னராட்சி 1887இல் யூத மாணவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் வீதாசாரக் கட்டுப்பாடு விதித்தது. யூதர் செறிந்து வாழ்ந்த பிரதேசங்களில் நூற்றுக்குப் பத்து, அவற்றுக்கு வெளியே ஐந்து, தலைநகரங்களில் மூன்று என்று கணக்கிட்டுக் கதவடைத்தது. எழுபதுகளின் தரப்படுத்தலை அறிந்த எமக்கு இந்தக் கணக்கை எவரும் விளக்கத் தேவையில்லை. 1910இல் வக்ஸ்மன் அமெரிக்கா வந்து, பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து அதிக தூரமில்லாத மெட்டச்சனில் உறவினரின் பண்ணையில் தங்கினார். மருத்துவம் பயிலும் எண்ணத்தோடு இருந்த அந்த இளைஞரை ரட்கர்ஸ் பக்கம் திருப்பியவர், தாமும் ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்து வந்து அங்கு மண்ணியல் பேராசிரியராக விளங்கிய ஜேக்கப் லிப்மன். அன்றைய ரட்கர்ஸ் பெரும் பெயர் எதுவுமற்ற ஒரு சிறு கல்லூரி. விவசாயமும் மண்ணுமே அதன் வலிமை. ஆனால் அங்கே இந்த மாணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார்.

1915இல் பட்டம் பெற்ற வக்ஸ்மன், கலாநிதிப் பட்டத்துக்காகவே தொலைதூரப் பெரும் பல்கலைக்கழகத்தை நாடினார். 1918இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் அதனைப் பெற்று மீண்டும் ரட்கர்ஸுக்கே திரும்பினார். 1943இல் அவரது ஆய்வுகூடத்தில் ஸ்ரெப்ரோமைசின் கண்டறியப்பட்டது. காசநோய்க்குப் பலியாகிக்கொண்டிருந்த உலகுக்குக் கிடைத்த முதற் பயனுள்ள மருந்து அது. எமது ஊர்களில் காசநோய்க்கு ஊசி போட்டுப் பிழைத்த மூத்தோர் பலரும் அந்த மருந்துக்குக் கடமைப்பட்டவர்களே. 1952இல் வக்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிட்டியது. அந்த மருந்தை நிலக்கீழ் அறையில் இரவுபகலாக உழைத்துப் பிரித்தெடுத்தவர் அல்பேட் ஷாட்ஸ் என்ற ஆய்வு மாணவர் என்பதும், இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற அங்கீகாரத்தைப் பெற அவர் தம் பேராசிரியர்மீதே வழக்குத் தொடுக்க நேர்ந்தது என்பதும் இக்கதையின் கசப்பான பக்கம். அதனை மறைத்துவிட்டு ரட்கர்ஸைப் புகழ நாம் விரும்பவில்லை.

அருகில் இருப்பது தாழ்ந்தது என்ற எண்ணம் எம்மவரிடம் புதிதாக முளைத்ததன்று. 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது வரவேற்றோர் இருந்தனர். திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைய வேண்டும் என்று கோரி எதிர்த்தோரும் இருந்தனர். பேராதனை என்றால் பெருமை, யாழ்ப்பாணம் என்றால் 'பக்கத்து வளாகம்' என்று பேசிய பெற்றோரும் இருந்தனர். பேராசிரியர் கைலாசபதி அதன் முதற் தலைவரானார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1983 ஜூலைக்குப் பின்னர், தெற்கில் பயின்ற தமிழ் மாணவர்கள் திரும்பிச் செல்ல அஞ்சி இடம் கேட்டு நின்றது அதே பக்கத்து வளாகத்தின் வாயிலில்தான்.

சரி, பெயருக்குப் பெறுமதியே இல்லையா? இதனை அளந்து பார்த்தவர்கள் உள்ளனர். பிரின்ஸ்டன் பேராசிரியராக இருந்து 2019இல் காலமான பொருளியலறிஞர் அலன் குருகரும் ஸ்டேசி டேல் என்பவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, 1976இல் கல்லூரி புகுந்தோரின் பின்னாள் வருமானத்தை ஒப்பிட்டது. ஒரே தரத்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து, ஒரே வகையில் அனுமதியும் பெற்றோருள், பெரும் பெயரை விட்டு எளியதைத் தெரிந்தோரும் சராசரியாக ஏனையோருக்கு நிகராகவே சம்பாதித்தனர் என்பது அதன் முடிவு. பிள்ளையின் ஆற்றல் பிள்ளையோடேயே செல்கின்றது. ஆயின் அந்த ஆய்வு ஒரு விலக்கையும் சுட்டியது: வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரும் பெயர் பயனளித்தது. தந்தையின் நண்பர் வட்டத்தால் கிடைக்காத அறிமுகங்கள் அவர்களுக்கு அங்கே கிடைத்தன போலும். 2023இல் ராஜ் செட்டியும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதே திசையில் பேசுகின்றது. சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை; ஆனால் நாட்டின் உச்ச வருமானக்காரரான நூற்றுக்கு ஒருவருள் இடம்பெறும் வாய்ப்பு அரை மடங்கு கூடுகின்றது.

ஆகவே, 'எங்கே படித்தால் என்ன' என்று கைகழுவிவிட அகதிக் குடும்பத்துக்கு உரிமையில்லை. எமது பிள்ளைகள் அந்த விலக்கினுள் அடங்குவோர். பெரும் பெயர் முழு உதவியோடு வருமாயின் அதனைத் தள்ளிவிடுதல் தவறு என்பதே எமது கருத்து. பிரின்ஸ்டன், ஹார்வர்ட், யேல், எம்.ஐ.டி. ஆகியவை விண்ணப்பதாரரின் குடியுரிமையையோ பண வசதியையோ பாராது அனுமதி வழங்கி, தேவையான உதவியையும் வழங்குபவை. பிளெய்ன்ஸ்பரோவுக்கு அடுத்த ஊரான பிரின்ஸ்டன், ஆண்டு வருமானம் 150,000 டொலர் வரையுள்ள பெரும்பாலான குடும்பங்களிடம் தங்குமிடம், உணவு உட்பட எதற்கும் பணம் கேட்பதில்லை என 2025இல் அறிவித்தது. இத்தகைய இடமொன்று கிடைத்த பிள்ளைக்கு அது ரட்கர்ஸைவிட மலிவானது. கணக்குப் போட்டுப் பாராமல் 'அது பணக்காரரின் இடம்' என்று ஒதுங்குவோரை நாம் கண்டிருக்கின்றோம்.

உதவி இல்லாத பெரும் பெயர் வேறு விடயம். தனியார் பல்கலைக்கழகமொன்றின் ஓராண்டு மொத்தச் செலவு 80,000 டொலரைத் தாண்டிவிட்டது. வேறு மாநிலத்தின் அரச பல்கலைக்கழகமும் வெளி மாநிலத்தவருக்குச் சலுகை காட்டுவதில்லை. ரட்கர்ஸின் கட்டணம் மாநிலத்தவருக்கு அண்மைய ஆண்டுகளில் 20,000 டொலருக்கு உட்பட்டதாகவே இருந்து வந்தது. 65,000 டொலருக்கு மேற்படாத வருமானமுடைய மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்கைக் கட்டணத்தை ஈடுசெய்யும் திட்டத்தையும் அது 2022இல் தொடங்கியது. இடைவெளியை நிரப்பத் தனியார் வங்கிக் கடன் பெறலாம் என்பார்கள். அதற்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். வழக்கு முடியாத குடும்பத்துக்காக உறவினர் ஒருவர் அந்தக் கையொப்பத்தை இட்டு, பின்னர் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் நேர்வது என்ன? தாலிக்கொடியை அடைவு வைத்தும் சீட்டுப் பணத்தைக் கூட்டியும் முதல் வருடத்தைக் கடந்துவிடலாம். மூன்றாம் வருடத்தைக் கடக்க முடியாது. பாதியில் நின்ற பட்டத்துக்கு எந்தப் பெயரும் இல்லை.

சட்ட நிலைதான் கணக்கின் முதல் வரி. தஞ்சம் வழங்கப்பட்டவர் மத்திய அரசின் மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கு அது இல்லை. நியூ ஜேர்சி 2013 டிசம்பரில் இயற்றிய சட்டம், மாநிலத்தில் மூன்று ஆண்டுகள் உயர்பள்ளியில் கற்றுத் தேறிய ஆவணமற்ற மாணவருக்கும் மாநிலக் கட்டணத்தை அனுமதித்தது. 2018இல் மாநில நிதியுதவியும் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. டெக்சாஸ் 2001இலேயே இத்தகைய சட்டத்தை இயற்றிய மாநிலம். அது 2025 ஜூனில் நீதிமன்ற ஆணையொன்றினால் செயலற்றுப் போயிற்று. எனவே பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகத்தின் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அயலாரின் வாய்மொழியை நம்ப வேண்டாம். பெற்றோரின் தஞ்ச விண்ணப்பத்தில் உள்ளடக்கப்பட்ட பிள்ளை விடுதிக்கு மாறும்போது புதிய முகவரியை குடிவரவுத் திணைக்களத்துக்குப் பத்து நாட்களுள் அறிவிக்க வேண்டும். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பின் நீதிமன்றத்துக்கும் தனியே அறிவிக்க வேண்டும். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் பிள்ளையும் நேரில் தோன்ற வேண்டியிருக்கும். கலிபோர்னியாவில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையை இரு வார அறிவித்தலில் அழைத்துவர விமானச் சீட்டுக்குப் பணம் ஒதுக்கியுள்ளீர்களா? இதனைச் சட்டத்தரணியிடம் ஏப்ரலிலேயே பேசிவிட வேண்டும்.

இனி, பலரும் வாய்திறந்து சொல்லத் தயங்கும் ஒன்று. சில இல்லங்களில் அருகிலுள்ள பல்கலைக்கழகம் தெரியப்படுவது கல்விக்காக அன்று; வீட்டில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்பதற்காக. வைத்தியரிடம், வங்கியில், சட்டத்தரணியிடம், வீட்டு உரிமையாளரிடம் பெற்றோருக்காகப் பேசுவது பதினேழு வயதுப் பிள்ளையே. அத்தேவை உண்மையானது, அதில் வெட்கமில்லை. ஆனால் அதற்கு 'ரட்கர்ஸ் நல்லது' என்று வேறு பெயர் சூட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. தேவையைத் தேவையென்றே பிள்ளையிடம் சொல்லுங்கள். இதில் இன்னுமோர் அநீதியும் உண்டு: மகன் என்றால் தொலைவு, மகள் என்றால் அருகு என்ற எழுதாத விதி. முழு உதவியோடு வந்த இடத்தை 'பெண்பிள்ளை தனியே எப்படி' என்று சொல்லி மறுத்த பெற்றோர், அடுத்த ஆண்டு குறைந்த உதவியோடு மகனை அதே தொலைவுக்கு அனுப்பியதை அறிவோம். போர்க்காலத்தில் பதினெட்டு வயது மகளை முகவரின் கையில் ஒப்படைத்து மூன்று நாடுகள் கடக்க அனுப்பிய சமூகம் எமது சமூகம். பல்கலைக்கழக விடுதி அதைவிட ஆபத்தானதா?

ரட்கர்ஸைத் தெரிவோருக்கும் ஒரு சொல். நியூ பிரன்ஸ்விக்கில் 40,000க்கும் மேற்பட்டோர் பயில்கின்றனர். முதல் வருட வகுப்பறையில் சில நூறு பேருள் ஒருவராய் அமர்ந்து, பேருந்தில் வளாகத்துக்கு வளாகம் அலைந்து, மாலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயிலேறி வீடு திரும்பும் மாணவரை எந்த விரிவுரையாளரும் அறிந்திருக்கப் போவதில்லை. விரிவுரை மண்டபத்தின் மறுபக்கம் நின்றவர் என்ற முறையிற் சொல்கின்றோம்: அலுவல் நேரத்தில் கதவைத் தட்டும் மாணவரையே ஆசிரியர் நினைவில் வைத்திருப்பார். இயலுமாயின் முதல் வருடத்திலாவது பிள்ளையை விடுதியில் தங்க விடுங்கள். அதுவும் இயலாத குடும்பங்களுக்கு எடிசனிலுள்ள மிடில்செக்ஸ் கல்லூரி உண்டு. இரண்டாண்டுப் பட்டத்தை அங்கே முடித்து மாநிலப் பல்கலைக்கழகங்களின் மூன்றாம் வருடத்துக்கு மாறும் வழியை மாநிலச் சட்டம் வகுத்துள்ளது.

தொலைவிலுள்ள பல்கலைக்கழகம் தந்த உதவி சிறிது குறைவாயிருப்பின், உடனே மறுத்துவிட வேண்டாம். தந்தையின் வேலை போனது, ஊரிலுள்ள பேரர் பேத்தியருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம், சட்டத்தரணிக்குச் செலுத்திய கட்டணம் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டுகளுடன் எழுதி மீள்பரிசீலனை கோரலாம். அத்தகைய கடிதங்களுக்கு நிதியுதவி அலுவலகங்கள் பதிலளிக்க ஓரிரு வாரங்கள் பிடிக்கும். மே முதலாம் திகதிக்கு முன் பதில் வர வேண்டுமாயின் கடிதம் இந்த வாரமே செல்ல வேண்டும்.