சோப்பின் பங்காளி

இரண்டு மருந்தைச் சேர்த்தால் பலனும் இரட்டிக்கும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. தரை கழுவும் சோப்பு ஜலத்திலேயே சிறிது கிருமிநாசினியையும் ஊற்றிவிட்டு, வீடு பரிசுத்தமாகிவிட்டதென்று நிம்மதி அடைகிறோம். ரஸாயன சாஸ்திரமோ, பல சமயங்களில் இரண்டும் வீணாயின என்கிறது. காரணம், பங்காளிச் சண்டை!

சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை ஜலத்தை நாடும். வால் ஜலத்தை வெறுத்து எண்ணெய்ப் பசையை நாடும். ஆகவே இவை ஜலத்தின் மேற்பரப்பில் வாலை வெளியே நீட்டியவாறு அணிவகுத்து நிற்கின்றன. பரப்பின் இறுக்கம் தளர்கிறது; ஜலம் அழுக்கினுள் புகுகிறது.

சோப்பின் தலையில் இருப்பது எதிர் மின்சாரம். அதே உருவமும், தலையில் நேர் மின்சாரமும் கொண்ட பங்காளிகள் உண்டு. பென்ஸால்கோனியம் குளோரைடு, ஸெட்ரிமைடு முதலியவை அந்த வம்சம். பென்ஸால்கோனியத்தின் கிருமி கொல்லும் சக்தியை 1935-ம் வருஷத்தில் வெளியிட்டவர் ஜெர்மானிய வைத்திய நிபுணர் கெர்ஹார்ட் டோமாக். ஸல்பா மருந்துக்கு வழிகாட்டியதற்காக 1939-ம் வருஷத்து நோபெல் பரிசுக்கு உரியவரானவரும் இவரே.

கிருமியின் மேனியில் இருப்பது எதிர் மின்சாரம். நேர் மின்சாரத் தலை அதில் போய் ஒட்டிக்கொள்ள, வால் சவ்வினுள் நுழைகிறது. சவ்வு சிதைந்து உட்சத்து வெளியே கசிய, கிருமி மடிகிறது. வாலில் 12 முதல் 16 வரை கரி அணுக்கள் இருந்தால் வேகம் அதிகம். குட்டை வால் சவ்வில் நன்கு பதியாது. மிக நீண்ட வால் ஜலத்தில் எளிதில் கரையாது.

இப்பொழுது சாஸ்திரிகள் இரண்டு தலை, இரண்டு வால் கொண்ட இரட்டைப் பிறவிகளையும் படைத்து வருகின்றனர். இவற்றுள் பல, சிறிய அளவிலேயே வேலை செய்கின்றன. வேலை முடிந்ததும் தாமே சிதைந்துவிடும் வகைகளும் உண்டு. பழைய சரக்கு ஆறு குளங்களில் சேர்ந்தால் நீர்வாழ் ஜந்துக்களுக்குத் தீங்கல்லவா?

இத்தகைய வீரனைச் சோப்போடு கலந்தால், நேரும் எதிரும் கட்டிப் புரண்டு இரண்டும் செயலிழக்கும். கிருமியோ வேடிக்கை பார்க்கும்! அதுமட்டுமல்ல. அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமிகளில் சில, மருந்தை உள்ளே வந்ததும் வெளியே தள்ளும் வித்தையைக் கற்றவை. அவற்றின் சந்ததி பெருகினால் யாருக்கு ஆபத்து?

ஆகவே முதலில் சோப்பால் அழுக்கை நீக்குங்கள். பிறகு வெறும் ஜலத்தால் நன்கு அலசுங்கள். அப்புறமே மருந்து; அதுவும் சீட்டில் குறித்த அளவில், குறித்த நேரம் ஈரம் உலராமல். பங்காளிகளைத் தனித்தனியே அழைத்தால் இருவரும் உபகாரிகளே. ஒரே வாளியில் மட்டும் சேர்த்து வைக்காதீர்கள்.