சாலையில் கழியும் நேரம் யாருடையது?

ஓரிடத்தில் பணிபுரிவோர் வீட்டிலிருந்து அலுவலகம் சென்று திரும்பும் நேரம் அவரவர் பாடு என்பது நெடுநாள் வழக்கம். அதில் நமக்கும் பெரிய மறுப்பில்லை. ஆனால், செல்வதற்கு அலுவலகமே இல்லாதவருக்கு எது வழி, எது வேலை?

ஸ்பெயினில் எழுந்த வழக்கொன்று இக்கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. திருட்டைத் தடுக்கும் கருவிகளைப் பொருத்திப் பழுதுபார்க்கும் டைகோ நிறுவனம், 2011இல் தன் வட்டார அலுவலகங்களை மூடிவிட்டது. அதுவரை பணியாளர்கள் காலையில் அங்கே சென்று வண்டியையும் அன்றைய வாடிக்கையாளர் பட்டியலையும் பெற்றுக்கொள்வார்கள். வேலைநேரமும் அங்கேயே தொடங்கும். மூடியபின் வண்டி அவர்கள் வீட்டிலேயே நின்றது. பட்டியல் முந்தைய நாளே கைப்பேசிக்கு வந்தது. வேலைநேரமோ முதல் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தபின் தொடங்கி, கடைசி வாடிக்கையாளரை விட்டுக் கிளம்பியதும் முடிந்தது. இடைப்பட்ட தொலைவு சில நாள்களில் நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. நெரிசலில் மூன்று மணிநேரம் பிடித்ததும் உண்டு. நிறுவனத்தின் கணக்கில் அது ஓய்வு!

10 செப்டம்பர் 2015 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அது வேலைநேரமே என்று தீர்ப்பளித்தது. அந்நேரத்தில் பணியாளர் தம் விருப்பப்படி நடக்க இயலாது. வாடிக்கையாளர்களின் வரிசையை மாற்றவும், ஒருவரை நீக்கவும் சேர்க்கவும் முதலாளிக்கு அதிகாரம் உண்டு. வழியில் சொந்த அலுவல்களைப் பார்த்துக்கொள்வார்களே என்ற அச்சத்துக்கு, கண்காணிப்பது முதலாளியின் பொறுப்பு என்பதே விடை. இவற்றினும் நமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. முன்பும் இவர்கள் வாடிக்கையாளரை நாடிப் பயணம் செய்தவர்கள்தாம். அந்தப் பயணம் அன்று வேலையாக இருந்தது. புறப்படும் இடத்தை மாற்றியது நிறுவனம். நேரத்தை இழந்தவர்கள் பணியாளர்கள்.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் விடைபெறும் பொருநனுக்குத் தேர் கொடுத்து, ஏழடி பின்சென்று வழியனுப்புகிறான். திரும்பிப் போகும் வழியும் தன் கணக்கில் சேர்ந்ததென்று கொடுத்தவனுக்குத் தெரிந்திருந்தது. (கொடையும் கூலியும் ஒன்றல்ல என்பதை மறந்து இதைச் சொல்லவில்லை.)

எனினும் தீர்ப்பில் ஓர் இடைவெளி உண்டு. அது வேலைநேரம், ஓய்வு பற்றிய 2003ஆம் ஆண்டின் ஒன்றிய நெறிமுறையை ஒட்டியது. கூலியை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது. அதாவது, அந்த மூன்று மணிநேரத்தை உழைப்பென்று ஒப்புக்கொண்டபின்னும் அதற்குக் காசு தராமல் இருக்க வழி இருக்கிறது. பயண நேரத்துக்குச் சற்றுக் குறைந்த வீதத்தில் கூலி தரலாம் என்று எவரேனும் வாதிட்டால் நாம் செவிகொடுப்போம். சுழியம் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலி விதிகள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் நேரத்தைச் சேர்க்கின்றன. சொந்த வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குச் செல்வதைச் சேர்ப்பதில்லை. முதியோரை வீடுவீடாகச் சென்று குளிப்பாட்டி, உணவூட்டும் பெண்ணுக்கு ஒரு வீட்டில் கிடைப்பது சில வேளை பதினைந்தே நிமிடம். அதற்காக அவள் விடியுமுன் பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரம் எவர் கணக்கிலும் இல்லை.