ஊசிக்கு முன் ஒரு முறை பார்த்தால் என்ன?

வீதிக்கு வீதி அழகு கிளினிக் வந்துவிட்டது. நம் வயதுக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று தள்ளிவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன் மூக்கை எடுப்பாக்கிக்கொள்ளப் போவது நம் பேத்திகள்தான். (பாட்டிகளும் போகிறார்கள், வெளியில் சொல்வதில்லை.)

அங்கே போடுவது ஃபில்லர். பெரும்பாலும் ஹையலுரானிக் அமிலம் என்னும் கூழ். தோலுக்கடியில் செலுத்தினால் பள்ளம் மேடாகும். ஊசி நுனி தமனிக்குள் போய்விட்டால் கூழ் ரத்த ஓட்டத்தை அடைத்து, தோல் கறுத்து அழுகும். மூக்கிலும் புருவ நடுவிலும் ஆபத்து கூடுதல். அங்குள்ள குழாய்களுக்குக் கண் தமனியோடு தொடர்பு உண்டு. அழுத்தத்தில் கூழ் பின்னோக்கி ஓடினால் பார்வையே போகலாம். அபூர்வம்தான். ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

"அனுபவமுள்ள கைக்கு எல்லாம் தெரியும்" என்கிறார்கள். என்ன தெரியும்? முகத்துத் தமனி ஆளுக்கு ஆள் வேறு வழியில் ஓடுகிறது. ஊசியைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதும் நம்பகமான சோதனை அல்ல. அல்ட்ராசவுண்ட் வைத்தால் தமனி எங்கே, எவ்வளவு ஆழத்தில், முன்பு போட்ட கூழ் எங்கே கிடக்கிறது என்பது திரையில் தெரியும். அடைப்பு வந்துவிட்டாலும், கூழைக் கரைக்கும் ஹையலுரானிடேஸ் மருந்தைக் குத்துமதிப்பாக இல்லாமல் உரிய இடத்திலேயே செலுத்தலாம்.

அடுத்த சாக்கு, சட்டம். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அல்ட்ராசவுண்ட் கருவி வைக்கப் பதிவு வேண்டும். தோல் டாக்டருக்கு அந்தத் தொல்லை எதற்கு என்று கேட்கிறார்கள். காலமெல்லாம் படிவமும் பதிவேடும் பார்த்த குமாஸ்தா சொல்கிறேன்: பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டத்தில் ஓட்டை கேட்காதீர்கள். விண்ணப்பம் எழுதிப் பதிவு செய்யுங்கள். கண்ணாடிக் கதவுக்கும் ஏசிக்கும் காசு இருந்ததே! அரசு அலுவலகமும் அந்த விண்ணப்பத்தை மேசையில் தூங்க விடக் கூடாது. கோப்பு எப்படித் தூங்கும் என்பது எனக்குத் தெரியும்.

கருவி மட்டும் போதாது, படத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். நான் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன். அல்ட்ராசவுண்டுக்கு அங்கே எக்கோகிராஃபி என்று பெயர், எதிரொலியால் எழுதுவது. அந்தப் பிரான்சில் 2024 ஜூலை முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த ஊசிமருந்தை வாங்க முடியாது. இங்கே பார்லரில் வேலை பழகியவர்கள்கூட ஊசியைத் தொடுகிறார்கள்.

பேத்தி போகத்தான் போகிறாள் என்றால் கூடவே போங்கள். ஊசி போடுபவர் டாக்டரா, கரைக்கும் மருந்து கையிருப்பில் உண்டா, ஸ்கேன் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள்.