லுமென் கணக்கும் ஒரு ரப்பர் வளையமும்

கடலுக்கடியில் கொண்டுபோக எல்.ஈ.டி. விளக்கு செய்யணும்னு கிளம்புற நம்ம ஆளுங்க முதல்ல கேக்கறது, "எத்தனை லுமென் வரும்?" என்னைக் கேட்டா, "தண்ணி எப்படி உள்ளே வராம இருக்கும்?"னுதான் முதல்ல கேக்கணும்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: ஸ்கூபா டைவர்களோட கேனிஸ்டர் விளக்குல பேட்டரி தனியா ஒரு குழாய்க்குள்ள இடுப்புல இருக்கும். அதுலேர்ந்து கேபிள் ஒண்ணு கைக்கு வரும், அதோட முனையில விளக்கு. கடையில வாங்கினா விலை மயக்கம் வரவைக்கும். அதனால வீட்டுலயே செய்ற கிறுக்கு உலகம் பூரா உண்டு. லித்தியம் அயான் செல், எல்.ஈ.டி., டிரைவர் சர்க்யூட் எல்லாம் இன்னைக்குச் சுலபமா கிடைக்குது. கிடைக்காதது நம்பிக்கையான மூடிதான்.

சின்னக் கணக்கு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடுது. 10 செ.மீ. விட்டமுள்ள மூடியோட பரப்பு 78 சதுர செ.மீ. 20 மீட்டர் ஆழத்துல அது மேல 150 கிலோவுக்கு மேல, அதாவது மூணு சிமெண்ட் மூட்டை! அத்தனையையும் தாங்கித் தண்ணியைத் தடுக்கிறது ஓ-ரிங்னு ஒரு ரப்பர் வளையம். அதுல ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் போச்சு. உப்புத்தண்ணி லித்தியம் செல்லைத் தொட்டா விளக்கு அணையறதோட நிக்காது. உள்ளே வாயு சேர்ந்து, கரையில திறக்கும்போது மூடி மூஞ்சியில அடிக்கும்.

இதுக்கு வெளிநாட்டு நிபுணரைத் தேட வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் பூரா போர்வெல் போட்ட பூமிங்க. பல நூறு அடிக்குக் கீழே சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கி, வருஷக்கணக்கா தண்ணிக்குள்ள கிடக்கப்போற கேபிளுக்கு ஜாயிண்ட் போடுற மெக்கானிக்குக்குத் தண்ணி எந்த வழியா நுழையும்னு நல்லாவே தெரியும். ஓ-ரிங் உட்கார்ற பள்ளத்தைச் சரியான அளவுல கடைஞ்சு தர லேத் பட்டறையும் பக்கத்துலயே இருக்கு. அவங்களோட ஒரு மணி நேரம் பேசினா லுமென் அட்டவணை தராத பாடம் கிடைக்கும்.

சோதனைக்கும் செலவில்லை. பேட்டரி இல்லாம, உள்ளே டிஷ்யூ பேப்பர் வச்சு, கல்லைக் கட்டி, ஐப்பசி மழைக்கப்புறம் 30 அடி தண்ணி நிக்கிற கிணத்துல இறக்கி ராத்திரி பூரா விடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணியிலயும் போட்டுப் பாருங்க. அழுத்தம் ஏறினா ஓ-ரிங் இன்னும் இறுகிக்கும்; ஆழத்துல தாங்கினது மேலேயே ஒழுகறதும் உண்டு.

சரி, லுமென் நிறைய இருந்தா நல்லதுதானே? கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் கடல் ஆழம் குறைஞ்ச பாக் விரிகுடா. கலங்கின தண்ணியில அகலமா வெளிச்சம் கொட்டினா, மூடுபனியில ஹைபீம் போட்ட லாரி கதைதான். தூசிதான் பளபளக்கும், எதிர்ல இருக்கிறது தெரியாது. குறுகின ஒளிக்கற்றைதான் அங்கே உதவும்.

இன்னொண்ணு. இந்திய முழுப் பொருளாதார மண்டலக் கடல்ல எல்.ஈ.டி. விளக்கு வச்சு மீன் பிடிக்க 2017 நவம்பர்ல மத்திய அரசு தடை போட்டிருக்கு. தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்துல 448 சதுர கி.மீ. பரப்பை 2022 செப்டம்பர்ல கடற்பசு பாதுகாப்பகமா தமிழக அரசு அறிவிச்சிருக்கு. அதனால நம்ம விளக்கு பார்க்கறதுக்கு மட்டும்தான், பிடிக்கறதுக்கு இல்லை.

செய்யக்கூடாதுன்னு சொல்ல வரலீங்க. தாராளமா செய்யுங்க, அதுல வர்ற சந்தோஷமே தனி. ஆனா கையால செஞ்ச விளக்கோட இறங்கும்போது, கடையில வாங்கின சின்ன டார்ச் ரெண்டு கூடவே இருக்கட்டும். நம்ம கைத்திறமையை நிரூபிக்கிற இடம் பட்டறை. கடல்ல போய் அதை நிரூபிக்க வேண்டாமே :-)