மலைநாட்டின் எழிலும் அதனை ஆக்கினோரும்

பல்லாவரத்துக் குன்றையே மலையெனக் கண்டு வளர்ந்த கீழ்க்கட்டளைவாசிகளாகிய எம்போன்றோர்க்கு, மெய்யான மலைநாடொன்றைக் காணும் வேட்கை எழுதல் இயல்பே. அவ்வேட்கையுடையார் பலர் இந்நாளில் இலங்கையின் மலையகத்தை நாடுகின்றனர். மீனம்பாக்கத்தில் விமானமேறின் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற் கொழும்பு. ஆங்கிருந்து இருப்புப்பாதை வழியே கண்டிக்கும் பதுளைக்கும் செல்லலாம்.

கண்டி முன்னாளில் தனியரசு செலுத்திய சிறு மலைநாடு. கடற்கரையை வென்ற போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதனைத் தம் ஆட்சியிற் கொள்ளவியலாமைக்கு, மலையும் காடும் அரணாய் நின்றமை பெருங்காரணம். 1815இல் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நம் வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832இல் மாண்டான். வேலூர் செல்வோருள் இதனை அறிந்தார் சிலரே!

அந்நாட்டின் வனப்புக்குக் குறைவில்லை. 2,243 மீட்டர் உயர்ந்த சிவனொளிபாதமலையின் உச்சியிலுள்ள அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையதென்பர், சைவர் சிவபெருமானுடையதென்பர், இஸ்லாமியரும் கிறிஸ்தவருட் சிலரும் ஆதாமுடையதென்பர். ஒரு மலையில் இத்தனை சமயத்தார் ஒருங்கே ஏறுதல் அரிய காட்சியன்றோ? கண்டித் தலதா மாளிகையும், எல்ல என்னும் ஊரை அடுத்த ஒன்பது வளைவுப் பாலமும் உலகெங்கணுமிருந்து பிரயாணிகளை ஈர்க்கின்றன.

நிற்க. சுற்றுலா விளம்பரங்கள் அம்மலைச்சரிவுகளை இயற்கையன்னை விரித்த பசுங்கம்பளமென்று புகழ்கின்றன. இக்கூற்றையே யாம் மறுக்கின்றோம். இயற்கை அங்கு வைத்தது அடர்ந்த காடு. அதனை அழித்துக் காப்பியும், 1869இற் கண்ட இலைநோயாற் காப்பி வீழ்ந்தபின் தேயிலையும் பயிரிட்டனர் துரைமார். பயிரிட்ட கைகளோ பெரும்பாலும் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துச்சென்ற ஏழைத் தமிழருடையவை. மன்னாரிற் கரையேறி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவருட் பலர், கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே மடிந்தனர்.

எஞ்சியோர்க்குக் கிட்டியது, பத்தடிக்குப் பன்னிரண்டடியென ஓர் அறை கொண்ட லயம். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964இற் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கையோ, 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று, அம்மக்களை ஒரு வார்த்தையும் கேளாமல், மூட்டை பிரிப்பது போற் பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003இன் சட்டம் குடியுரிமை தந்தது. ஆயினும் லயங்கள் இன்னும் ஒழிந்தபாடில்லை. இந்திய உதவியால் வீடுகள் எழுந்துள்ளன; தேவைக்கு அவை சிறு பகுதியே.

"இளைப்பாறச் செல்பவன் இவற்றையெல்லாம் ஏன் ஆராய வேண்டும்?" எனச் சிலர் வினவுவர். கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தை விளம்பரத்தில் அச்சிட்டன்றோ அவரை அங்கழைக்கின்றனர்? அவள் படம் நாட்டிற்கு வருவாய் தேடித்தர, அவள் குடியிருக்கும் நிலத்திற்கு அவளிடம் பத்திரமில்லையெனின், அவ்வருவாயில் அவளுக்குரிய பங்கு யாதென்று கேட்டல் விருந்தினனுக்கும் தகும். விடுதியும் உணவுச்சாலையும் வழிகாட்டுந்தொழிலும் தோட்டத்துப் பிள்ளைகள் கைக்கும் வருதல் வேண்டும். இதுவே எம் கருத்து.

நம் தமிழ் மாணவர்க்கு இதில் தனிக்கடப்பாடும் உண்டு. ஐரோப்பியப் பிரயாணி அவளைப் படம் பிடித்துச் செல்வான். நாமோ அவளோடு பேசலாம். ஊர் எது, பாட்டன் எவ்வூரினின்று வந்தார் என்று வினவத் துபாஷி வேண்டுவதில்லை. கடல் கடத்தல் அரிதெனின், உதகைக்குச் செல்லும்போது கூடலூர்ப் பக்கமும் சென்று வருக. உடன்படிக்கையால் திருப்பியனுப்பப்பட்டோர் அங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேற்றப்பட்டனர். அவர்தம் மக்களும் பேரரும் இன்றும் அம்மலைகளில் வாழ்கின்றனர்.