பேரிடர் மறுவாழ்வில் சிறுமிகளுக்குக் கால்பந்து: எங்கள் நிலைப்பாடு

பேரிடரால் பாதிக்கப்பட்ட ஊர்களில், சிறுமிகளுக்கான கால்பந்துப் பயிற்சி மறுவாழ்வுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். வீடும் பள்ளியும் மருத்துவமும் எப்படி உரிமையோ, அப்படியே இதுவும். நிதி மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை ஒதுக்குவதை எங்கள் அமைப்பு ஏற்கவில்லை.

ஏன் சிறுமிகள்?

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்ஃபாம் 2005இல் பதிவு செய்தது. மீன்பிடிக்கப் போயிருந்த ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்ததால் தப்பினார்கள். மீனை எதிர்பார்த்துக் கரையில் நின்ற பெண்களால் அலையை விட வேகமாக ஓட முடியவில்லை. பலருக்கு நீச்சல் தெரியாது; பலர் கையில் குழந்தை இருந்தது. பெண்ணை ஓடவிடாமல், நீந்தவிடாமல் வளர்க்கும் வழக்கம் பேரிடர் நேரத்தில் உயிர்களைப் பறிக்கிறது.

பிழைத்த சிறுமிகளின் பாடும் எளிதல்ல. அம்மா இல்லாத வீட்டில் சமையலும் தம்பி தங்கையும் மூத்த பெண்ணின் பொறுப்பாகின்றன. படிப்பு நிற்கிறது, கல்யாணப் பேச்சு தொடங்குகிறது. தற்காலிகக் குடியிருப்பில் பாதுகாப்பு இல்லையென்று வெளியே போகவும் விடுவதில்லை.

ஏன் கால்பந்து?

ஒரு பந்தும் ஒரு திடலும் இருந்தால் இருபது பேர் ஆடலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே தோழிகளோடு, தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் பயிற்சியாளர் முன் நிற்பது, ஒழுங்கு குலைந்துபோன வாழ்க்கைக்கு மீண்டும் ஒரு பிடிப்பைத் தருகிறது. துக்கத்தைப் பேசத் தெரியாத பிள்ளையும் பந்துக்காகக் குரல் கொடுப்பாள்.

இந்த வழியில் கடலூர் ஏற்கெனவே நடந்து காட்டியிருக்கிறது. கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன், சுனாமியில் பெற்றோரை இழந்த சிறுமிகளையும் வறிய வீட்டுப் பெண்களையும் ஆட்டக்காரர்களாக வளர்த்தார். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி அணி இந்திய மகளிர் லீக்கில் ஆடியது. அதே மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். 2018இல் தமிழ்நாடு மணிப்பூரை வென்று தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. எல்லோரும் இந்திய அணிக்குப் போக மாட்டார்கள், போகவும் வேண்டியதில்லை. பள்ளியை விடாமல், தன் திருமணத்தைத் தானே முடிவு செய்யும் வயதுவரை ஒரு சிறுமி ஆடினால் அதுவே வெற்றி.

நாங்கள் கோருவது

1. புதிய குடியிருப்புகளின் வரைபடத்திலேயே திடலுக்கு இடம் குறிக்க வேண்டும். பக்கத்திலேயே கழிப்பறை, உடை மாற்றும் அறை, குடிநீர் வேண்டும்.

2. பயிற்சி குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டும். ஒருநாள் போட்டி நடத்தி, பந்து கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் திட்டங்களை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

3. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெண் பயிற்சியாளரோ உடற்கல்வி ஆசிரியையோ சம்பளத்தோடு அமர்த்தப்பட வேண்டும். ஊர்ப் பெண்களுக்கே முன்னுரிமை.

4. பயிற்சியாளரின் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும். வெளியூர்ப் பயணத்தில் பெண் துணை கட்டாயம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சிறுமிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லித்தர வேண்டும். இழப்பில் இருக்கும் பிள்ளை எளிதில் நம்பிவிடுவாள்; அந்த நம்பிக்கையைக் காப்பது எங்கள் முதல் நிபந்தனை.

5. சத்துணவு, பூட்ஸ், மாதவிடாய் காலத் தேவைகள், மனநல ஆலோசனை ஆகியவை பயிற்சிச் செலவிலேயே சேர வேண்டும். விளையாட்டு மனநல சிகிச்சைக்கு ஈடாகாது.

பெற்றோரின் அச்சம் நியாயமானது. வீட்டுவாசலில் போய்ப் பேசி, கூட்டிப்போய்த் திடலைக் காட்டி, அம்மாக்களைக் கண்காணிப்புக் குழுவில் உட்கார வைத்தே அதைப் போக்க முடியும்.

கடலூரை 2011இல் தானே புயலும் 2015இல் வெள்ளமும் மீண்டும் தாக்கின. அடுத்ததும் வரும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத் திட்டங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அடுத்த திருத்தத்திலேயே சிறுமிகளின் விளையாட்டுக்குத் தனித் தலைப்பும் தனி நிதியும் ஒதுக்குமாறு கடலோர மாவட்ட ஆட்சியர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.